எத்தனை என்னும் வினா

வேட்டைக்குச் செல்வோன் ஒரு பருவத்தில் எத்தனை கலைமான்களைக் கொல்லலாம்? அருகன் அறத்தைப் போற்றும் ஏட்டில் இப்படி ஒரு வினாவை எழுப்புவதே தகுமோ என அன்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். ‘ஒன்றும் கொல்லலாகாது’ என்று விடை கூறி அமைந்துவிடுதல் நமக்கு எளிது. அவ்விடை சரியானதே. ஆயினும் வினாவை முழுதும் கேட்ட பின்னர் அதனைக் கூறுதலே முறையாகும்.

இவ்வினா எங்கோ கடல் கடந்த நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. 2025 ஜனவரியில் நம் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைக் குறித்து ஒரு முடிவை அறிவித்தது. காப்புக் காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடுதல் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். அதற்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுட்டுக் கொல்லலாம். நம் கடலூர் மாவட்டத்தின் மேற்கே வேப்பூர், மங்களூர், நல்லூர்ப் பக்கங்களில் மக்காச்சோளம் பயிரிடும் உழவர்கள் இத்தகைய முடிவைத்தான் நெடுநாளாக வேண்டி நின்றனர். சிதம்பரத்தில் இருந்து இதனை எழுதும் நமக்கு அவ்வூர்கள் அரை நாள் பயணத் தொலைவிலேயே உள்ளன. ஆதலின் ‘எத்தனை’ என்னும் வினா நம் வாயிலுக்கே வந்துவிட்டது என்க.

மானைப் பற்றி இதே வாதம் தமிழ் மண்ணில் முன்னரே நிகழ்ந்துள்ளது. நீலகிரியில் வெள்ளை அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் கடமானையும் வரையாட்டையும் அளவின்றிச் சுட்டு வீழ்த்தினர். பின்னர், இனிச் சுடுவதற்கு விலங்கே மிஞ்சாதோ என்று அஞ்சி, 1877-ஆம் ஆண்டில் வேட்டை விலங்குகளைக் காக்கும் சங்கம் ஒன்றை நிறுவினர். 1879-இல் சென்னை அரசு அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. உரிமச் சீட்டு, வேட்டை கூடாத மாதங்கள், சுடத்தக்க எண்ணிக்கை, பெண் விலங்குகளுக்கு விலக்கு என விதிகள் பிறந்தன. வரையாட்டில், முதிர்ந்து முதுகு வெளுத்த கிடாயையே சுடலாம் என்ற வழக்கம் நிலைத்தது. சுடுவோரே காப்போராகவும் அமைந்த விந்தை இது! எனினும் அதன் பயனை மறைத்தல் நேர்மையாகாது. இன்று தமிழகத்தின் மாநில விலங்காகப் போற்றப்படும் வரையாடு அம்மலைகளில் எஞ்சி நிற்பதற்கு அவ்விதிகளும் ஒரு காரணம். அச்சங்கமும் பின்னாளில் வனவுயிர்களைப் பேணும் சங்கமாகவே உருமாறியது.

அமெரிக்க நாட்டில் இவ்வாதம் இன்றும் ஆண்டுதோறும் எழுகிறது. இண்டியானா மாநிலத்தார் 2002-இல் ஒருவனுக்கு ஒரு கலைமான் என வரையறுத்தனர். கொம்பு முதிர்ந்த கலைகள் பெருகும் என்பது வேட்டைக்காரர்தம் எதிர்பார்ப்பு. விஸ்கான்சின் மாநிலத்திலோ 1996 முதல், மான் மிகுந்த பகுதிகளில், கலையைச் சுட விரும்புவோன் முதலில் ஒரு பிணையைச் சுட்டாக வேண்டும் என்று விதித்தனர். ஒரு கலை பல பிணைகளோடு கூடுமாதலால், கலைகளைக் குறைப்பதால் மந்தை குறைவதில்லை. பிணையைக் குறைத்தாலே குறையும் என்பது அதன் காரணம். வேட்டைக்காரர் பலர் அவ்விதியை வெறுத்தனர். கொம்பில்லாத மானைச் சுடுவதில் என்ன பெருமை? 2011-இல் அவ்விதி நீக்கப்பட்டது.

இவ்விரு நாட்டு வாதங்களிலும் எண்ணப்படுவது இனம். இத்தனை போனால் இத்தனை மிஞ்சும். மிஞ்சியவை மீண்டும் பெருகும். உழவர் விதைநெல்லைக் கணக்கிடுவதுபோல் இவர்கள் மந்தையைக் கணக்கிடுகின்றனர். சமண நெறி வேறுபடும் இடம் இதுவே. உயிர் தனித்தனியே உள்ளது. தன் வினையைத் தானே சுமக்கிறது. தன் துன்பத்தைத் தானே துய்க்கிறது. இனத்திற்கு வலியில்லை, குண்டடிபட்டு விழும் அந்த ஒரு மானுக்கே வலி. நேமிநாத சுவாமி மணக்கோலத்தில் தேரூர்ந்து செல்கையில், விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் அலறல் கேட்டுத் தேரைத் திருப்பி, ஊர்ஜயந்த மலைக்குத் துறவு மேற்கொண்டு சென்ற வரலாற்றை நம் இல்லங்களில் சிறாரும் அறிவர். அடைப்பில் இருந்த மான் எத்தனை, காட்டில் எஞ்சியவை எத்தனை என்று சுவாமி வினவியதாக எந்த நூலிலும் நாம் கண்டதில்லை.

அப்படியாயின் எண்ணிக்கைக்கு அறத்தில் இடமே இல்லையா? உண்டு. மிருகசேனன் என்னும் வலைஞன் கதை நம் கதைக் கோவைகளில் வருகிறது. முனிவர் ஒருவரை வணங்கிய அவன், மீன் பிடிக்கும் தொழிலை விட இயலாத நிலையில், வலையில் முதலில் சிக்கும் மீனை விட்டுவிடுவதாக நோன்பு ஏற்றான். முதல் மீன் சிக்கியது. அடையாளம் கட்டி ஆற்றில் விட்டான். அடுத்த முறையும் அதே மீன். இவ்வாறு ஐந்து முறை அம்மீனே சிக்க, ஐந்து முறையும் விடுவித்து வெறுங்கையனாய் வீடு திரும்பினான். ஒரே ஒரு மீன்! ஆயினும் அந்நோன்பின் பயன் அடுத்த பிறவியில் அவனை ஐந்து இடர்களினின்றும் காத்தது என்பர். யசோதர காவியத்தின் மன்னனோ மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். செத்த உயிர் ஒன்றுமில்லை. எனினும் கொல்லும் எண்ணம் அவனைப் பல விலங்குப் பிறவிகளில் உழல வைத்தது.

ஆகவே நாம் காணவேண்டுவது, அந்த எண் எத்திசை நோக்கியது என்பதே. மிருகசேனனின் ‘ஒன்று’ அவன் தன் கையைக் கட்டிக்கொண்ட கயிறு. நாளை அது இரண்டாகலாம். ஒருநாள் வலையே கரையேறலாம். உரிமச் சீட்டில் எழுதப்பட்ட ‘ஒன்று’ அத்தகையதன்று. பணம் செலுத்தியவனுக்கு அது உரிமை. பருவம் முடியுமுன் அதைப் பயன்படுத்தாவிடில் நட்டம் என அவன் மனம் கருதும். நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டை உரிமங்களுக்கு இடம் தந்திருந்தது. 1991-இல் செய்த திருத்தமே அவற்றை அகற்றியது. அன்று துப்பாக்கியைக் கீழே வைத்த செல்வருக்கு ஒரு பொழுதுபோக்கு போயிற்று. குருவியும் முயலும் பிடித்து உண்ட நரிக்குறவருக்கோ உணவே போயிற்று. அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர 2023 வரை காத்திருந்தனர். சட்டத்தைப் போற்றும் நாம் இதனையும் நினைத்தல் வேண்டும்.

இனிப் பன்றிக்கு வருவோம். இம்சையை நம் ஆசிரியர்கள் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். இல்லறத்தான் முற்றும் விடவேண்டுவது முதலாவதாகிய சங்கற்பம், அதாவது கொல்லவேண்டும் என்றே எண்ணிக் கொல்லுதல். கொம்புக்காக மானைச் சுடுதல் ஐயமின்றி அதில் அடங்கும். பயிரைக் காக்கும் உழவன் செயல் அதில் அடங்காது. அவன் பன்றியைத் தேடிக் காட்டுக்குச் செல்லவில்லை, பன்றியே அவன் கொல்லைக்கு வந்தது. ஆகவே அவனை வேட்டைக்காரனோடு ஒரே தட்டில் நிறுத்துவோர் நம் நூல்களையே சரிவரக் கல்லாதவர் என்பது நம் கருத்து. எனினும் இடர் வந்தபோது விரட்டுவது வேறு. ‘நம் வட்டத்தில் ஆண்டுக்கு இத்தனை’ என்று இலக்கு வைத்துச் சுடுவிப்பது வேறு. இலக்கு வைத்த அன்றே விரோதம் சங்கற்பமாகிறது. அத்தகைய எண் கேட்டு மனு வருமாயின் நாம் கையொப்பமிடலாகாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றுக்கும் வினை உண்டு.

இங்கு ஓர் உறுத்தல். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வயல்களில் நெல் கதிர் பிடிக்கும் காலத்து எலிக்கிட்டி வைக்கின்றனர். பிடித்த எலிக்கு இத்தனை ரூபாய் என எண்ணிக் கூலி தருகின்றனர். மானைப் போன்றே எலியும் ஐம்பொறி உயிர். அந்த எண்ணிக்கையைப் பற்றி எந்த அவையிலும் வாதம் எழுந்ததில்லை. நம் இதழ்களிலும் எழுதியவர் அரியர். அந்நெல்லின் சோற்றை நாம் பொழுது சாயுமுன் உண்டு, தூய உணவு என்கிறோம்.

மிருகசேனன் கதையில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. வெறுங்கையோடு வந்தவனை அவன் மனைவி வெகுண்டு, கதவடைத்து வெளியே நிறுத்தினாள். நம் புராண உரைகாரர் அவளைப் பழிப்பர். ஆனால் நோன்பு அவனுடையது. அன்றிரவு பசி அவளுடையது. வேப்பூர்க் கொல்லைக்காரரிடம் ‘ஒன்றும் கொல்லாதீர்’ என்று சிதம்பரத்திலிருந்து நாம் உரைக்கும்போது, நோன்பு நம்முடையதாகவும் பசி அவருடையதாகவும் அமைகிறது. அரசு இழப்பீடு உண்டு. அதற்கு மனு எழுதி, ஆய்வுக்குக் காத்திருந்து, பல முறை நடந்தாக வேண்டும். அதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடும்.

ஆகவே ஆவணியில் வரும் தசலட்சண பருவத்தில் ஜீவதயைக்கென நாம் திரட்டும் பொருளில் ஒரு பகுதியை இவ்வாண்டு அக்கொல்லைகளுக்கு ஒதுக்கலாகாதா? கூண்டுப் பறவைகளை விலைகொடுத்து வாங்கி விடுவிக்கும் வழக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் விற்றவன் மறுநாளும் வலை விரிக்கிறான். சூரிய மின்வேலிக்கும் இரவுக் காவலர் கூலிக்கும் அப்பொருள் சென்றால் சுடவேண்டிய தேவையே குறையும். புரட்டாசியில் விதைக்கும் மக்காச்சோளம் கார்த்திகையில் கதிர் முற்றும். பன்றி வருவது அப்போதுதான். வேலி அதற்கு முன் நிற்கவேண்டும். இதற்கு முன்வரும் ஊர்ச் சங்கங்கள் ஆடி மாதத்திற்குள் தம்முள் கலந்து, அவ்வூர் உழவர்களையும் உடன் அமர்த்திப் பேசுமாறு வேண்டுகிறோம்.