பால் ஐயமும் திணைத் துணிவும்

மாந்தரை ஆண் என்றும் பெண் என்றும் இரண்டாக வகுத்துப் பேசப் பழகிய நமக்கு, அவ்விரண்டனுள் ஒன்றில் அடங்காதவர் எதிர்ப்படும்பொழுது நாத் தடுமாறுகிறது. உடலிலேயே இரு பாலின் குறிகளும் அமையப் பிறப்போர் உளர். உடல் ஒருபாலதாயிருக்க, உள்ளத்தால் தாம் ஆணும் பெண்ணுமாய் இருப்பதாகவோ, இரண்டும் அல்லாராய் இருப்பதாகவோ கூறுவோரும் உளர். முன்னவரை நம் நூல்கள் நெடுங்காலமாக அறியும். பின்னவர் குரலோ அண்மைக் காலத்தில்தான் நம் இல்லங்களுக்குள் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இத்தகைய பிள்ளை ஒன்று நம் வீட்டிலேயே இருப்பின் நாம் செய்யத்தக்கது யாது? விடை காண, நமக்குரிய இரு கல்விகளையும் அணுகுவோம்.

முதலாவது தமிழ். தொல்காப்பியர் சொல்லை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்த பின்னரே, ஆண், பெண் முதலிய பால்களை வகுத்தார். ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்று கூறிய அவர், அவற்றை உயர்திணைப் பால்களின் ஈறுகளாலேயே வழங்கச் செய்தார். தொலைவில் தோன்றுபவர் ஆணோ பெண்ணோ என ஐயம் எழுந்தால் பன்மையாற் கூறுக என்பதும் அவர் விதியே. நாம் இன்று மதிப்புடன் வழங்கும் ‘அவர்’ என்ற சொல் அவ்வையத்திற்கும் இடந்தருகிறது. பாலில் ஐயம் நேரலாம். மனிதர் என்னும் திணையில் ஐயமில்லை.

ஆயின், உலக வழக்கு எப்பொழுதும் இவ்வளவு கனிவுடையதாய் இருந்ததில்லை. நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவரைப் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தார் எனக் கொங்கு நாட்டார் போற்றுவர். அவர் இத்தகையோரை ஆண்பாலிலும் பெண்பாலிலும் வைத்துப் பேசிவிட்டு, அஃறிணை போல வழங்குதலும் உண்டு என்று சேர்த்தார். அவ்வழக்கு இன்றும் மறையவில்லை. ‘அது போகிறது’ என்று கடைத்தெருவில் ஒருவரைச் சுட்டுவதைக் கேளாதார் யார்? ‘அலி’ என்னும் தமிழ்ச்சொல் அவர்களை இழிக்கும் வசையாயிற்று. அரபியிலோ அலி என்பது உயர்ந்தோர் என்னும் பொருளது. நாயகத் தோழர் ஒருவரின் திருப்பெயர். அப்பெயர் தாங்கிய நம் சிறுவர்கள் பள்ளியில் எள்ளப்படும்பொழுது நாம் வருந்துகிறோம். அவ்வெள்ளலை நாள்தோறும் சுமப்போருக்காகவும் வருந்துதல் முறையன்றோ? பிறரை ஏளனம் செய்வதையும் பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருக்கிறது.

இனி ஃபிக்ஹுக் கலையைக் காண்போம். இருபாற் குறியுடையாரை அது ‘குன்ஸா’ என்னும். எப்பாலென்று துணிய இயலாதவரைக் ‘குன்ஸா முஷ்கில்’ என்னும். மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் ‘ஹிதாயா’வின் இறுதிப் பகுதியில் இவர்களுக்கென ஓர் இயல் உண்டு. ஹிஜ்ரி 772இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் அல்இஸ்னவீ இப்பொருள் பற்றித் தனி நூலே இயற்றினார். இவர்களுக்குத் தொழுகை கடமையா என்று எவரும் ஐயுறவில்லை. ஜமாஅத்தில் ஆடவர் அணிக்கும் பெண்டிர் அணிக்கும் இடையே இவர்க்கு இடம் குறித்தனர். பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்தினாரில்லை.

சொத்துரிமையிலும் அவ்வாறே. தந்தை ஆறு ஏக்கர் நிலம் விட்டு இறந்தார். ஒரு மகனும் ஒரு குன்ஸாவுமே வாரிசுகள் என்க. குன்ஸா ஆணாயின் ஆளுக்கு மூன்று. பெண்ணாயின் மகனுக்கு நான்கு, குன்ஸாவுக்கு இரண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி, குன்ஸாவுக்கு உறுதியான இரண்டும் மகனுக்கு உறுதியான மூன்றும் வழங்கப்படும். எஞ்சிய ஓர் ஏக்கர், நிலை தெளியும்வரை அல்லது இருவரும் உடன்படும்வரை நிறுத்திவைக்கப்படும். இமாம் அபூஹனீஃபா அவர்களோ குறைந்த பங்கான இரண்டையே குன்ஸாவுக்கு உறுதிப்படுத்தினார்கள். கணக்கில் கருத்து வேறுபாடு உண்டு. வாரிசு என்பதில் வேறுபாடே இல்லை.

இங்கே ஒரு தடை எழும். குன்ஸா என்பது உடலமைப்பைப் பற்றியது. உள்ளத்தால் இருபாலர் என்போருக்கு இவ்விதிகள் எங்ஙனம் பொருந்தும்? இரண்டையும் ஒன்றெனக் கொள்வது நேர்மையாகாது. அணி, திருமணம், பங்கு ஆகியவற்றை ஒருவர் கூற்றைக் கொண்டே மாற்ற நம் அறிஞர் பலர் உடன்படார். ஆயினும் இமாம் நவவீ அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள். பெண்ணியல்பு படைப்பிலேயே அமைந்த ஆடவர் மீது பழியில்லை, பாவமில்லை, தண்டனையுமில்லை. வலிந்து புனைந்துகொள்பவரே பழிக்குரியவர் என்றார்கள். எது படைப்பு, எது புனைவு என்பதை உள்ளங்களை அறிந்த இறைவனே அறிவான். அண்டை வீட்டார் அதற்கு நீதிபதியாக இயலாது.

பொறுத்திருத்தலும் நம் நூல்கள் கற்பித்ததே. குழவியின் நிலை தெளியாவிடின், பருவக் குறிகள் தோன்றும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பை ஒட்டி, உயிருக்கு ஆபத்து நேர்ந்தாலன்றி இத்தகைய குழந்தைகளுக்குப் பால் திருத்த அறுவை செய்யலாகாதென அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு ஆணையிட்டது. அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது என்பதில் இரு வழிகளும் ஒன்றுபடுகின்றன.

காக்காமல் துரத்தினால் விளைவது யாது? 2008இல் தமிழக அரசு இவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. திருநங்கை என்னும் பெயரும் வழக்கில் ஊன்றியது. நம் கோவையில், ஆர்.எஸ். புரத்தில், 2020 செப்டம்பரில் திருநங்கையர் சிலர் கூடி ஓர் உணவகம் திறந்தனர். உழைத்து உண்ணும் நன்முயற்சி அது. அதனை முன்னின்று தொடங்கிய மூத்தவர் அடுத்த மாதமே கொலையுண்டார். வீட்டின் காவலை இழந்தோருக்கு வெளியுலகம் எத்துணைப் பாதுகாப்பற்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆதலின், உக்கடத்திலோ கரும்புக்கடையிலோ, ஈரோட்டிலோ திருப்பூரிலோ, தம் பிள்ளை பிறரைப் போலில்லை என்று கலங்கும் பெற்றோர்க்கு நாம் கூறுவது இதுவே. பிள்ளையின் கூற்று முழுவதையும் நீங்கள் ஏற்கவேண்டும் என்பதன்று. விளங்காதவற்றை ஆலிமிடமும் நல்ல மருத்துவரிடமும் பொறுமையாகக் கேட்டறியலாம். ஆனால் வாசலை அடைக்கும் உரிமை உங்களுக்கில்லை. வாரிசுரிமையைத் தடுப்பன கொலை, மத வேறுபாடு, அடிமைத்தனம் என ஃபராயிழ் நூல்கள் எண்ணுகின்றன. அப்பட்டியலில் தந்தையின் சினம் இல்லை. ஊராரின் பேச்சும் இல்லை. துரத்தப்பட்ட பிள்ளையின் பங்கை உண்ணும் உடன்பிறந்தார் பிறர் பொருளையே உண்கின்றனர். அப்பிள்ளைக்குச் சோறும் ஸலாமும், இறந்தால் ஜனாஸாத் தொழுகையும் கடன்பட்டிருக்கிறோம். விளங்காத செய்திகள் விளங்கும்வரை இக்கடன்கள் காத்திருக்க மாட்டா.