கொடுக்காததை எடுக்காமை: ஒரு மானிட்டரும் இரண்டு கணினிகளும்

அலுவலக லேப்டாப்பும் சொந்தக் கணினியும் ஒரே மானிட்டரை, ஒரே கீபோர்டையும் மவுஸையும் மாறி மாறிப் பயன்படுத்துவது 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தவர்கள் லேப்டாப்போடு ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை தன் விதிகளைத் தளர்த்தியதால், பிபிஓ போன்ற பணிகளையும் வீட்டிலிருந்தே செய்வது எளிதாயிற்று. பல வீடுகளில் சொந்தக் கணினி என்பது, 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும்போது கிடைத்த விலையில்லா லேப்டாப்தான். இப்படி ஒரே மேசையில் இரண்டு தரப்பின் பொருள்கள் கலக்கின்றன. வயர்களை இணைப்பது சிரமமில்லை. சிரமமானது வேறொரு கேள்வி: பிறர் பொருளை, அவர் எதற்காகக் கொடுத்தாரோ அதைவிட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்துவது களவாகுமா? அந்தப் பொருள் தேயாமல், குறையாமல், வைத்த இடத்திலேயே இருந்தாலுமா?

இந்தக் கேள்வியை இந்திய மரபில் மிக நுட்பமாக ஆராய்ந்தவர்கள் சமணர்கள். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வதே களவு என்று வரையறுக்கிறது. பொருளின் விலையோ உடையவருக்கு நேர்ந்த நட்டமோ அந்த வரையறையில் இல்லை. கொடுத்தாரா இல்லையா என்பது ஒன்றுதான் அளவுகோல். துறவிக்கு இது மாவிரதம்; ஒரு துரும்பைக்கூடக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இல்லறத்தாருக்கு அதுவே அளவோடு கூடிய அணுவிரதம். இந்த விரதத்தைக் காப்பதற்குத் திகம்பர மரபு சொல்லும் ஐந்து பயிற்சிகளில் பெரும்பகுதி பொருளைப் பற்றியதே அல்ல, தங்கும் இடத்தைப் பற்றியது. ஆளில்லாத இடத்தில் தங்கு, கைவிடப்பட்ட இடத்தில் தங்கு, அங்கே வருகிற பிறரைத் தடுக்காதே என்பவை மூன்று. உடன் நோற்பவரோடு எனது, உனது என்று வழக்காடாதே என்பது இன்னொன்று. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றில் எப்படி இருப்பது என்பதையே களவு பற்றிய இந்தச் சிந்தனை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

அந்தச் சிந்தனை கல்லில் நிற்கும் இடம் உசிலம்பட்டிக்கு அருகிலேயே இருக்கிறது. விக்கிரமங்கலத்தின் உண்டாங்கல் மலைக்குகையில் சமணத் துறவியருக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் அவற்றை ஒட்டிக் காணப்படுகின்றன. குவிரன் போன்ற, கொடையோடு தொடர்புடையவர்களின் பெயர்களை அவை சொல்கின்றன. அங்கே படுத்துறங்கிய துறவியர் யார் என்று சொல்வதில்லை. படுக்கையில் பெயர் ஒருவருடையது, உறக்கம் இன்னொருவருடையது. இதில் முரண் எதுவும் இல்லை, ஏனென்றால் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பது தெளிவாக இருந்தது. அலுவலக மானிட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் பார்கோடு ஸ்டிக்கரும் உடையவர் பெயரைத்தான் சொல்கிறது. அதோடு சொல்லப்பட்டிருக்க வேண்டிய நோக்கம்தான் பல நேரம் சொல்லப்படாமல் நின்றுவிடுகிறது.

துறவிக்கும் இல்லறத்தாருக்கும் இடையிலான அளவு வேறுபாடு திருக்குறளின் அமைப்பிலும் தெரிகிறது. பிறர் பொருளை விரும்பாமையைச் சொல்லும் வெஃகாமை இல்லறவியலில் வருகிறது. கள்ளாமையோ துறவறவியலில் இருக்கிறது. இதற்கு உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் சொல்கிறார். இல்வாழ்வார் தம் உறவினரிடம் விளையாட்டாக மறைத்து எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள்களும் உண்டு. துறந்தவருக்கோ அப்படி நினைப்பதே பெரிய இழுக்கு என்பது அவர் கருத்து. உறவுக்குள் கேட்காமல் எடுக்கும் உரிமையை அவர் ஏற்கிறார். நிறுவனம் உறவுமில்லை, அந்நியமுமில்லை. மேலாளர் ஒன்றும் சொல்லமாட்டார் என்ற துணிவில் செய்யும் சிறு காரியங்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

சட்டம் இங்கே சமணத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 154ஆம் பிரிவில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறது. தான் மட்டும் ஏறிச் செல்வதற்காக ஒருவர் குதிரையை இரவல் வாங்குகிறார். தம் குடும்பத்தில் ஒருவரை அதில் ஏற விடுகிறார். ஏறியவர் கவனமாகத்தான் ஓட்டினார். ஆனாலும் குதிரை தவறி விழுந்து காயப்பட்டது. இரவல் வாங்கியவர் ஈடு கொடுத்தாக வேண்டும். கவனம் இங்கே விடையாகாது. அனுமதியின் எல்லையே விடை. அலுவலக லேப்டாப்பில் பிள்ளை வீட்டுப்பாடம் செய்வதும் இதே கணக்கில்தான் சேரும். அரசு தந்த லேப்டாப் அப்படியல்ல. அது திருப்பித் தர வேண்டாத கொடை.

எந்தக் கருவியைப் பகிரலாம் என்பதற்கு அது எதைக் கடத்துகிறது என்று பார்ப்பது நல்ல வழி. மானிட்டரில் படம் ஏறக்குறைய ஒரே திசையில் போகிறது. தன் தயாரிப்பு, தெளிவளவு போன்ற சில விவரங்களை மட்டும் அது கணினிக்குத் திருப்பிச் சொல்கிறது. ஒரு கணினியை ஹெச்டிஎம்ஐ வழியிலும் மற்றதை டிஸ்ப்ளேபோர்ட் வழியிலும் செருகி, பொத்தானில் மாற்றிக்கொண்டால் ஒன்றின் செய்தி மற்றதற்குப் போவதில்லை. கேவிஎம் சுவிட்ச் கீபோர்டையும் மவுஸையும் சேர்த்து மாற்றித் தருகிறது. ஆனால் அதன் யுஎஸ்பி துளையில் பென்டிரைவ் ஒன்றைச் செருகியபடி விட்டுவிட்டால், பொத்தானை அழுத்தியதும் அதுவும் அடுத்த கணினிக்குப் போய்விடும். இதைவிடக் கவனம் வேண்டியது, ஒரே மவுஸ் இரண்டு திரையிலும் ஓடும்படி நெட்வொர்க் வழியாக இணைக்கும் மென்பொருளில். அவற்றில் பல, நகலெடுத்ததையும் சேர்த்தே கடத்துகின்றன. வீட்டுக் கணினியில் நகலெடுத்த வங்கிக் கடவுச்சொல், அலுவலகம் கண்காணிக்கும் கணினிக்குள் போய் நிற்கும். வாடிக்கையாளர் பட்டியல் எதிர்த்திசையில் வந்து சேரும். இரண்டும் கொடுக்கப்படாதவை.

கேள்வியை ஊழியரிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. வீட்டு மானிட்டரும் மேசையும் மின்சாரமும் நிறுவன வேலைக்குப் போவதை யார் கொடுத்தார்? 2016 முதல் தமிழகத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை. அது குடும்பத்துக்காக அரசு தருவது. 25 வாட் மானிட்டர் நாளுக்கு 9 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத வேலை நாள்களில் சுமார் 10 யூனிட் ஆகும். தொகை சிறியது, துரும்பும் சிறியதுதான். நிறுவனத்தின் கீபோர்டில் ஊழியர் சொந்தக் கடிதம் எழுதினால் குற்றமாகப் பார்ப்பதும், ஊழியரின் மேசையை நிறுவனம் கேட்காமலே எடுத்துக்கொள்வதை இயல்பாகக் கொள்வதும் ஒரே அளவுகோலாக இருக்க முடியாது.

எழுத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றால் இருபக்கச் சிக்கலும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எந்தக் கருவி யாருடையது, சொந்தக் கணினியோடு அதை இணைக்கலாமா, வீட்டார் தொடலாமா, மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் படி உண்டா என்பவை அதில் வரவேண்டும். மானிட்டர் வாங்க நிறுவனம் பணம் கொடுத்திருந்தால், வேலையை விட்ட பிறகு அது யாரிடம் இருக்கும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.