தன்வினையும் பிறவினையும்

'முன்னேறு' என்பது தன்வினை. 'முன்னேற்று' என்பது பிறவினை. நடுவில் ஓர் ஒற்று கூடுகிறது, அவ்வளவுதான். ஆனால் முதல் சொல்லில் செய்பவனும் அடைபவனும் ஒரே ஆள். இரண்டாவதில் இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் 'டெவலப்' இந்த இரண்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்கிறது. அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்ந்தது வெளியே தெரிவதில்லை. ஸ்வாஹிலி இந்த விஷயத்தில் தமிழைப் போன்றது. 'எண்டெலேயா' தன்வினை, 'எண்டெலேஸா' பிறவினை. வளர்ச்சியைக் குறிக்கும் 'மாயெண்டெலேயோ' என்ற பெயர்ச்சொல் பிறந்தது தன்வினையிலிருந்து.

அந்த மொழியை ஆட்சிமொழியாக்கிய தான்ஸானியாவின் ஜூலியஸ் நைரேரேயைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன். சர்க்கார் திட்டங்களைப் பற்றிய தார்மீகக் கேள்வியை ஊழல் பேர்வழிகளை வைத்துக் கேட்பதில் பிரயோஜனமில்லை. விடை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நைரேரே அப்படிப்பட்டவரல்ல. பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாடே அவரை 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றுதான் அழைத்தது. ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் ஸீஸ'ரை 1963இலும் 'வெனிஸ் வர்த்தக'னை 1969இலும் ஸ்வாஹிலியில் வெளியிட்டார். பின்னதன் தலைப்பில் வர்த்தகன், முதலாளிகள் என்று பொருள்படும் 'மாபெபாரி' ஆனான். சொல்லின் கனம் அறிந்தவர். 1985இல் தாமாகவே ஜனாதிபதி பதவியை விட்டு விலகியவர்.

1967இல் அருஷா பிரகடனம் வந்தது. சிதறிக் கிடக்கும் குடியானவர்கள் கிராமங்களாகச் சேர்ந்து வாழ்வது, சேர்ந்து உழைப்பது என்ற 'உஜாமா' கொள்கை விரிவாக எழுதப்பட்டதும் அதே வருஷம்தான். உஜாமா என்றால் குடும்ப உறவு. இதில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்று அவரே தெளிவாகச் சொன்னார். 1968இல் இன்னும் ஒரு படி மேலே போய், மக்களை யாரும் வளர்த்துவிட முடியாது, அவர்கள் தாமேதான் வளர முடியும் என்று எழுதினார். சுத்தமான தன்வினை. ஐந்து வருஷம் கழித்து, 1973 நவம்பரில், கிராமத்தில் வாழ்வது இனி உத்தரவு என்று அறிவித்தார். 1976 முடிவதற்குள் எல்லோரும் குடியேறிவிட வேண்டும். அந்த மூன்று வருஷங்களில் குறைந்தது 50 லட்சம் பேர் இடம் மாற்றப்பட்டார்கள். லாரிகள் வந்தன, ராணுவம் வந்தது. திரும்பிப் போகாமலிருக்கப் பல இடங்களில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன, கொளுத்தப்பட்டன. இந்த நடவடிக்கைகளுக்கு 'ஆபரேஷன்' என்று பெயர்.

புதிய கிராமங்கள் சாலையோரமாக அமைந்தன. வயல் எங்கோ தூரத்தில் கிடந்தது. சிதறி வாழ்வது பாமரத்தனம் என்று அதிகாரி நினைத்தான். சத்துக் குறைந்த மண்ணையும் நிச்சயமில்லாத மழையையும் தலைமுறைகளாகப் படித்து அடைந்த ஞானம் அது என்பதைக் காண அவனுக்கு அவகாசமில்லை. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1970களின் நடுவில் தான்ஸானியா பெருமளவில் தானியம் இறக்குமதி செய்ய நேர்ந்தது.

இதோடு நிறுத்தினால், திட்டம் தோற்றது, ஆகவே தவறு என்று ஆகிவிடும். அந்த வாதம் எனக்குப் போதவில்லை. விளைச்சல் இரட்டித்திருந்தால்? அப்போது கொளுத்திய வீடுகளுக்குக் கணக்கு நேராகிவிட்டிருக்குமா? தோல்வியைக் காட்டிக் கண்டிக்கிறவன் வெற்றி வந்தால் வாயடைத்துப் போவான். உண்மையில் வெற்றியும் ஓரளவுக்கு இருந்தது. பள்ளிகள் பெருகின, எழுத்தறிவு மிக உயர்ந்தது. இதை மறைத்துவிட்டு நைரேரேயோடு வாதாடுவது நேர்மையல்ல.

பிறவினையே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். தீண்டாமை பாராட்டுகிறவன் தானாகத் திருந்தட்டும் என்று காத்திருந்தால் யுகம் போய்விடும். அவனைச் சட்டம் திருத்தத்தான் வேண்டும். ஆனால் அங்கே அவன் கை இன்னொருவன் மேல் இருக்கிறது. சட்டம் அந்தக் கையைப் பிடிக்கிறது. ருஃபிஜி ஆற்றங்கரைக் குடியானவன் யார் மேலும் கை வைக்கவில்லை. அவனுடைய நன்மையின் பெயரால் அவன் வீடே இடிக்கப்பட்டது. பள்ளி வேண்டுமானால் ஊருக்கு வா என்பது ஒன்று. நீ வந்தே தீர வேண்டும் என்பது வேறொன்று. முன்னதில் அவன் 'வேண்டாம்' என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புண்டு. பின்னதில் அந்தச் சொல்லே பிற்போக்குக்குச் சாட்சியாகிவிடுகிறது.

நைரேரே கேட்டது தானியம் மட்டுமல்ல, தன்னம்பிக்கையுள்ள மனிதனை. தானியத்தை உத்தரவு போட்டு விளைவிக்க ஒருவேளை முடியலாம். தானாக எழுந்து நிற்பவனை உத்தரவு போட்டு உண்டாக்க முடியாது. 1968இல் எழுதியவருக்கு இது தெரியும். ஆசிரியருக்குத் தெரியாமலிருக்குமா? 'கல்' என்பதன் பிறவினை 'கற்பி'. கற்பிப்பது ஆசிரியர் வேலை, ஆனால் கற்க வேண்டியவன் மாணவன்தான். அந்த இடைவெளியில் பொறுமையிழந்த ஆசிரியர்தான் பிரம்பை எடுக்கிறார்; அதுவும் பிள்ளைமேல் உள்ள அக்கறையினால். தீய எண்ணம் தன்னைக் கண்டு என்றாவது கூசலாம். நல்லெண்ணத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ப்ரூட்டஸின் நியாயங்களை வரிவரியாகத் தம் மொழியில் எழுதிப் பார்த்தவருக்கும் அது தடையாக நிற்கவில்லை என்பது இலக்கியத்தின் பலன் பற்றிப் பெரிதாகப் பேசுகிற நாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

நமக்கும் இதில் பங்குண்டு. வாசகனின் ரசனையை உயர்த்துவது, சமூகப் பிரக்ஞையை ஊட்டுவது என்றெல்லாம் சிறுபத்திரிகைகளில் எழுதுகிறோம். எல்லாம் பிறவினைகள். நம்மிடம் லாரியும் ராணுவமும் இல்லாததால் அவை இதுவரை ஆபத்தில்லாமல் இருக்கின்றன.

தெற்கே ருவூமா பிரதேசத்தில் 1960களின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் யாரும் சொல்லாமலே லிட்டோவா என்ற இடத்தில் கிராமம் அமைத்தார்கள். சேர்ந்து பயிரிட்டார்கள், சொந்தமாகப் பள்ளி நடத்தினார்கள். பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்து ருவூமா வளர்ச்சிச் சங்கம் என்றாயின. நைரேரேயே அதைப் போற்றினார். உஜாமா என்று அவர் காகிதத்தில் எழுதியது அங்கே ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. தன் அதிகாரத்துக்கு வெளியே அது நடந்ததுதான் கட்சிக்குப் பொறுக்கவில்லை. 1969 செப்டம்பரில் சங்கத்தைக் கலைத்து, அதன் சொத்துக்களையும் எடுத்துக்கொண்டது. கட்டாயக் குடியேற்ற உத்தரவு வர இன்னும் நாலு வருஷம் இருந்தது. அது வந்தபோது, தானாக முன்னேறியவர்கள் என்று காட்டுவதற்கு அந்தச் சங்கம் இல்லை.