சங்கத்தின் வாசலில் நின்றவர்கள்

முதலாளியிடம் நியாயம் கேட்கும் தொழிலாளி, தன் அருகில் நிற்கும் இன்னொரு தொழிலாளிக்கு அதே நியாயத்தை மறுக்கலாமா? ஏ. ஈ. குணசிங்கவின் வரலாற்றைப் படிக்கும் போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை உறுத்தும்.

1922இல் அவர் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். மறு வருடமே கொழும்பில் ஏறத்தாழ 20,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1927இல் துறைமுகம் நின்றது. 1929இல் ட்ராம் வண்டி ஊழியர் போராட்டத்தின்போது மருதானையில் பொலிஸார் சுட்டதில் ஐவர் மாண்டனர். நாட்கூலியில் சீவித்தவனுக்கு வேலைநிறுத்தம் என்பது வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வருவதுதான். அப்படி வந்தவர்கள் பல இனத்தவர்.

பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வேலைகள் அருகின. அதே குணசிங்க மலையாளித் தொழிலாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்யத் தொடங்கினார். மலையாளிகள் பெருமளவில் வேலை செய்த வெள்ளவத்தை நெசவாலையில் 1933இல் வேலைநிறுத்தம் வெடித்தபோது இளம் இடதுசாரிகள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். தொழிற்சங்கத்தின் தந்தை எனப்பட்டவரோ அதை எதிர்த்து நின்றார்.

அவரைத் துரோகி என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால், வேலையிழந்தவனின் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்துக்குக் காரணம் பக்கத்து இயந்திரத்தில் நின்ற மலையாளி என்று காட்டியதுதான் பிழை. சம்பளத்தைத் தீர்மானித்தவன் அவனல்லவே.

இதை எழுத எனக்கென்ன தகுதி? சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சம்பள உயர்வு மகஜர் தயாரானது. மிகச் சொற்பக் கொடுப்பனவோடு எங்களுடன் படிப்பித்த தொண்டர் ஆசிரியை ஒருவர் எழுந்து, “எங்கட விசயத்தையும் ஒரு வரி சேருங்களேன் சேர்” என்றார். “அதைச் சேர்த்தால் நம்மட கோரிக்கை பலவீனப்பட்டுப் போகும்” என்றார் தலைவர். நான் வாய் திறக்கவில்லை. கையொப்பம் மட்டும் வைத்தேன்.

மறுநாளும் அவர் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தினார். சுவருக்கு அப்பாலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டபடி கரும்பலகையில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். குணசிங்கவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அன்றிலிருந்து என் நா கொஞ்சம் தயங்குகிறது.