அறியாதவரிடம் வாங்கிய பொருள்

குறைந்த விலைக்கு ஒரு பொருள் கிடைத்தால் நாம் மகிழ்கிறோம். அந்தக் குறைவு யாருடைய இழப்பிலிருந்து வந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே. சில மாதங்களாக இக்கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. காரணம், ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

என் சகோதரியின் மகன் மைசூரில் வசிக்கிறான். எந்திரங்கள் என்றால் அவனுக்கு உயிர். அந்நகரில் 1961 முதல் 1996 வரை ஐடியல் ஜாவா தொழிற்சாலை இயங்கி வந்தது. முதலில் ஜாவா, பின்னர் யெஸ்டி என்ற பெயர்களில் அங்கு உருவான வண்டிகளில், உதைத்துக் கிளப்பும் நெம்புகோலே கியர் மாற்றவும் பயன்படும். ஆலை மூடப்பட்டு இத்தனை ஆண்டுகளான பின்பும் அவற்றைத் தேடி வாங்கும் அன்பர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். இதை அறியாதோர் பலர்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில், சாக்கு போர்த்திக் கிடந்த யெஸ்டி ரோடுகிங் ஒன்று அவன் கண்ணில் பட்டது. அவ்வீட்டு அம்மையாரின் கணவர் ஓட்டிய வண்டி அது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வாங்கச் சென்ற அன்று நானும் உடனிருந்தேன்.

"பழைய இரும்புக்காரர் மூவாயிரம் தருவதாகச் சொன்னார். உனக்கு இதெல்லாம் தெரியுமே, நீயே சொல்லப்பா, எவ்வளவு பெறும்?" என்று அம்மையார் கேட்டார்.

சற்று யோசித்துவிட்டு, "ஆறாயிரம் தருகிறேன் அம்மா" என்றான் அவன்.

அவர் கேட்டது, வண்டி என்ன பெறும் என்பதை. அவன் சொன்னதோ, தான் என்ன தருவான் என்பதை. இந்த வேறுபாடு எனக்கு அப்போதே புரிந்தது. ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. அம்மையார் எங்கள் இருவரையும் கைகூப்பி வழியனுப்பினார்.

அதன்பின் நான்கு மாதம் அவன் உழைத்தான். இறுகிப்போன எஞ்சினில் பிளக் துளை வழியாக டீசல் ஊற்றிப் பல நாள் ஊறவைத்தான். சிலிண்டரை ரீபோர் செய்வித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்தினான். டேங்கினுள் சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை உதிர்த்தான். ஒரு ஞாயிறு மாலை, நீலப் புகையும் படபடவென்ற ஓசையுமாக வண்டி உயிர்பெற்றது. கரிபடிந்த அந்த முகத்தில் அன்று கண்ட ஆனந்தத்தைப் பல பூஜையறைகளிலும் நான் கண்டதில்லை. அந்த உழைப்பு தூய்மையானது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அம்மையாரைப் பற்றிப் பேச்செடுத்தபோது அவன் வருந்தினான். "மாமா, நான் பொய் சொல்லவில்லையே! இரும்புக்காரரைப் போல் இரு மடங்கு கொடுத்தேன். எஞ்சின் தேறுமா என்பதே தெரியாத நிலையில் துணிந்து வாங்கினேன். மிகுதி என் அறிவுக்கும் உழைப்புக்கும் கூலி" என்றான்.

இதில் பெரும்பகுதி நியாயமே. அறிவுக்குக் கூலி உண்டு, துணிவுக்கும் உண்டு. பொருளின் மதிப்பறிந்த இரு வியாபாரிகள் பேரம் பேசும்போது ஒருவர் மௌனமாக இருப்பதை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அந்த அம்மையார் அவனோடு பேரம் பேசவில்லை. அறிந்தவன் என்று நம்பி அவனிடமே ஆலோசனை கேட்டார். கேட்ட பின்பு காக்கும் மௌனம் வேறு வகையைச் சேர்ந்தது. மேலும், பழுதான அந்த நிலையிலேயே வண்டி இருபதாயிரத்துக்குக் குறையாது என்று பின்னொரு நாள் அவனே சொன்னான். இடையிலுள்ள பதினாலாயிரத்தில் அவனுடைய ஒரு துளி வியர்வையும் கலக்கவில்லை. அப்போது அவன் ஸ்பானரைக்கூடத் தொட்டிருக்கவில்லையே!

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில், கடுந்தவம் புரிந்த ஜாஜலி முனிவர் தர்மத்தைக் கற்பதற்குக் காசியில் கடை நடத்திய துலாதாரனிடம் செல்கிறார். தன் தராசு எல்லோருக்கும் சமமானது என்கிறான் அவ்வணிகன். கடையில் அமர்ந்து விற்பவன் தராசைக் கையில் வைத்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வாங்கச் செல்பவன் கையிலும் ஒன்று உண்டு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். மறந்தவர்களில் நானும் ஒருவன். அவனுக்காவது வண்டியின் மீது ஆசை இருந்தது, எனக்கு அதுவும் இல்லை.

ஆர்.சி. புத்தகம் இன்னும் கணவர் பெயரிலேயே உள்ளது. படிவம் 31 அளித்து அதை அம்மையார் பெயருக்கு மாற்றிய பிறகே, 29, 30 ஆகிய படிவங்களின் மூலம் அவன் பெயருக்கு மாற்ற இயலும். அதற்கு அவருடைய கையொப்பம் தேவை. வரும் ஞாயிறன்று அவன் அங்கே போகவேண்டும், என்னையும் அழைத்திருக்கிறான். எவ்வளவு பணம் எடுத்துச் செல்வது என்று நேற்றிரவு தொலைபேசியில் கேட்டான். உன் கணக்கை நீயே போட்டுப் பார் என்றேன். அம்மையாரிடம் முதலில் நான்தான் பேசவேண்டும் என்பதையும் சொல்லிவிட்டேன்.