பட்டியல் யார் கையில்?

அயலவனுக்கு உதவுதல் அறம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், உதவுவதற்காக அயலவனைப் பற்றி எவ்வளவு அறிந்து வைத்திருக்க நமக்கு உரிமை உண்டு? இவ்வினாவை நாம் ஏட்டில் படித்து எழுப்பவில்லை. கொட்டாஞ்சேனையில், ஓர் ஒழுங்கையின் வாசற்படியில் நின்றபோது அது நம் முன் எழுந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டி போன்ற தாழ்நிலங்களை மூழ்கடித்தது. எச்சரிக்கைகள் உரிய வேளையில் தமிழில் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடும் பரவலாக எழுந்தது. இவற்றைக் கண்டு மனம் பொறாத நம் உயர்தர வகுப்பு மாணவர் சிலர், கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை ஆக்க முனைந்தனர். எந்த வீட்டில் நடக்கவியலாத முதியவர் இருக்கிறார், எவருக்கு இன்சுலின் தேவை, எவரிடம் வாகனம் உண்டு என்பனவற்றை மும்மொழியிலும் பதிந்து வைத்தால், வெள்ளம் வரும் நாளில் ஒழுங்கையே தன்னைக் காத்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம்.

நல்லெண்ணம், அதற்கு முன்னோடியும் இந்நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, இலங்கைக் கணினி வல்லுநர்கள் தொண்டர்களாக ஒன்றுகூடி ‘சஹானா’ என்ற மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றைத் தனித்தனியே பதியும் ஏற்பாடு அது. அதனை விலைப்பொருளாக்காது உலகுக்கே பொதுவுடைமையாக வழங்கினர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது.

இவ்வரலாற்றை மாணவருக்கு எடுத்துக் கூறி, அவர்களுடன் நாமும் வீடு வீடாகச் சென்றோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வொழுங்கையில் வாழும் ஒரு மூதாட்டி, மாணவன் கையிலிருந்த கருவியை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்னர், “பேரும் விலாசமும் எழுதிக்கொண்டு போன ஆக்களை நான் முந்தியும் கண்டிருக்கிறன், தம்பி. முதல்ல நீங்கள் உங்கட பேரை எழுதித் தாங்கோ. வெள்ளம் வந்தால் நான் கூப்பிடுறன்” என்றார்.

மாணவர் முகம் வாடியது. நமக்கோ நெஞ்சு சுட்டது. 1983 ஜூலையில் இந்நகரின் வீதிகளில் திரிந்த கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த வீட்டை எரிப்பது, எதை விடுவது என்பதை அவர்களுக்குக் காட்டியது மக்களாட்சிக்காக எழுதப்பட்ட பட்டியல். 2007 ஜூன் 7ஆம் நாள் அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது உண்மை. ஆனால் பதிவேடு என்ற சொல்லைக் கேட்டவுடன் எழும் நடுக்கத்தை எந்த நீதிமன்றம் தடுக்கவல்லது?

உயிர் போகும் வேளையில் அந்தரங்கம் பேசுவது ஆடம்பரம் அல்லவா என்று சிலர் கேட்கலாம். வெள்ளத்துக்கு இனம் தெரியாது என்பதும் மெய். எனினும் வெள்ளம் வடிந்த பின்னும் பட்டியல் வடிவதில்லை. அதை வைத்திருக்கும் கை மாறலாம். அக்கையின் நோக்கமும் மாறலாம். நோயாளியின் வீட்டை மீட்பவனுக்குக் காட்டும் அதே வரி, திருடனுக்கும் கலகக்காரனுக்கும் காட்டும். ஆகவே அம்மூதாட்டியின் மறுப்பை அறியாமை என்று ஒதுக்குவது நம் அறியாமையே ஆகும்.

அவர் வாக்கில் மறுப்பு மட்டும் இருக்கவில்லை. ஒரு நெறியும் இருந்தது. உதவி கேட்கக்கூடியவன் தன் வலுவின்மையை வெளியிட வேண்டும், உதவுபவன் மட்டும் மறைவில் நின்று கணக்கெடுப்பான் என்பது ஆண்டான் அடிமை முறையின் எச்சம். உதவ வல்லவனே முதலில் தன்னை வெளிப்படுத்தட்டும். 1983இல் அயல்வீட்டுத் தமிழரைத் தம் வீட்டினுள் மறைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் மக்கள் எவரிடமும் விவரம் கேட்கவில்லை. தம் கதவைத் திறந்தனர். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது மீனவத் தொழிலாளர் தம் வள்ளங்களைப் பாரவூர்திகளில் ஏற்றிவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டனர். தம் ஒரே உடைமையையே அவர்கள் முன்வைத்தனர்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. அயலவர் ஒருவரையொருவர் காக்கிறார்கள் என்பது அரசின் பொறுப்பைத் துடைத்துவிடாது. 2016 மே மாதத்தில் மூழ்கிய கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் 2025இலும் மூழ்கின. சதுப்பு நிலங்களை நிரப்பி இலாபம் கண்டோர் மேட்டில் வாழ, நீர் ஏறும் இடத்தில் ஏழைகள் ஏன் குடியிருக்க நேர்ந்தது என்ற வினாவுக்கு எந்தச் செயலியும் விடை தராது. அதனை நாம்தான் தெருவில் நின்று கேட்க வேண்டும்.

மாணவர் தம் திட்டத்தை மாற்றியமைத்தனர். இப்போது அதில் முதலில் பதியப்படுவது உதவ முன்வருவோர் பெயர்களே: வாகனம் உள்ளவர், நீந்தத் தெரிந்தவர், தாதியர், மேல்மாடியில் இடம் தரக்கூடியவர். இனமும் மதமும் கேட்கப்படுவதில்லை. தேவையுள்ளவர் விரும்பினால், தம் ஒழுங்கையார் இருவருக்கு மட்டும் அறிவிக்கலாம்; ஆபத்து நீங்கியதும் அது அழிக்கப்படும். மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் செயலிழக்கும் நாளுக்காக அதே பெயர்கள் தாளிலும் அச்சாகி வீடுதோறும் கொடுக்கப்படுகின்றன.

அத்தாளை மூதாட்டியிடம் கொடுத்தபோது அதில் நம் பெயரும் இருந்தது. அவர் அதைக் கண்ணாடி போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கச் சொன்னார். தம் பெயரைச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.