பிள்ளைகளுக்கு அன்பளிப்பு



பெருநாள் நெருங்கினால் ஆனையூரிலிருந்து விளக்குத்தூண் கடைவீதிக்குப் பஸ் ஏறிவிடுகிறோம். பிள்ளைக்கு எதை வாங்கலாம் என்று நம்மிடமும் கேட்கிறார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மை வைத்து விளையாடியதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆகவே விளையாட்டுப் பொருளில் குற்றமில்லை. பார்க்க வேண்டியது வேறொன்று.

பஷீர் (ரலி) அவர்கள் தம் மகன் நுஃமானுக்கு ஓர் அன்பளிப்புக் கொடுத்தார்கள். தாயார் அம்ரா (ரலி) வற்புறுத்தவே, நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கச் சென்றார்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நாயகம் கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதமாக நடக்கச் சொன்னார்கள். பஷீர் (ரலி) கொடுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது உண்டு.

இந்த ஹதீஸைப் பலமுறை ஓதிக் கொடுத்த நாமே, சென்ற பெருநாளில் மகனுக்குச் சைக்கிளும் மகளுக்குக் கண்ணாடி வளையலும் வாங்கினோம். அவள் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

'அவளுக்குத்தான் கல்யாணத்தில் செய்யப் போகிறோமே' என்பது சமாதானமாகாது. நாளைய செலவைக் காட்டி இன்றைய பங்கைக் குறைக்கலாகாது. பொருள் வேறாகலாம், வயதுக்கேற்ப மாறலாம். நோயுற்ற பிள்ளையின் மருந்துச் செலவு தேவையைச் சேர்ந்தது. ஆனால் அன்பளிப்பில் எந்தப் பிள்ளையும் தான் குறைந்தவள், குறைந்தவன் என்று எண்ணக் கூடாது.

நம் பிள்ளைகளிடையே நீதமாக நடக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.